அக்கா வராத நேர்காணல்

அக்கா செத்த மூன்றாம் வருடம், ஆடி மழையில் ஒரு மத்தியானம், அம்மா கையில் குழம்புக் கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தாள். மாடியில் அக்கா பேசிக்கொண்டிருந்தாள். "சரி, வேறு எங்கும் போகாமல் எங்கள் கம்பெனிக்கு ஏன் வந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அறையின் நாலு மூலையையும் பார்த்தாள். கரண்டியிலிருந்து குழம்பு அவள் காலில் சொட்டியது. சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கடி அவ?" என்றாள்.

நான் போனைக் காட்டினேன்.

அது அக்கா தனக்காகத் தன் பழைய போனில் தானே பதிந்து வைத்திருந்த பயிற்சி. நாங்கள் இருப்பது வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டத்து நடுவில். அவளோடு படித்தவர்கள் டவுனில் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருத்தி கேட்க ஒருத்தி சொல்லி நேர்காணலுக்குப் பழகினார்களாம். இவளுக்கு இங்கே யார் இருந்தார்கள்? நான் மதுரையில் விடுதியில். அப்பா வாயைத் திறந்தால் ஏலக்காய் விலை. அதனால் கேள்விகளை அவளே போனில் பேசிப் பதிந்து, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதில் சொல்லும் அளவுக்கு இடம் விட்டு, அப்புறம் "சரி, அடுத்தது" என்று தொடர்ந்திருக்கிறாள். அந்த இடைவெளியில் மழைச் சத்தம் கேட்கும். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மிஷின் இரைவது கேட்கும். அக்கா மூச்சு விடுவதும் கேட்கும். அவள் மூச்சுக்கு மேலேதான் நான் பதில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ போடுத்தா" என்றாள்.

போட்டேன். கேள்வி முடிந்து இடைவெளி வந்தது. அதற்குள் தூரத்தில் ஒரு குரல்: "ஏண்டி, சோறு ஆறிப்போகுது, வந்து தின்னுட்டுப் பேசுடி!" அது அம்மாவேதான். மூன்று வருடத்துக்கு முந்தைய அம்மா, சமையலறையிலிருந்து கத்துகிறாள். நான் பல தடவை கேட்டுக் கேட்டு எனக்கு அது காதிலேயே விழாமல் போயிருந்தது. அம்மா விறைத்துப்போய்ப் போனையே பார்த்தாள்.

"வந்து தின்னாளா?" என்று கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? பதிவில் அடுத்து வந்தது "சரி, அடுத்தது" மட்டும்தான். தின்றிருப்பாள் என்று சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் நான் அங்கே இருப்பது அவளுக்கு உறைத்தது.

"ஆமா, நீ எதுக்கு இதப் போட்டுப் பேசிக்கிட்டிருக்க?"

இனி மறைக்க முடியாது. சொன்னேன். அக்காவைக் கூப்பிட்டிருந்த அதே கம்பெனி, அதே வேலை. முதல் இரண்டு சுற்று போனிலேயே முடிந்துவிட்டது. கடைசிச் சுற்றுக்கு அடுத்த வாரம் கொச்சிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா எழுந்து கீழே போய்விட்டாள். திட்டவில்லை. எங்கள் வீட்டில் அம்மா திட்டாமல் போனால் அதுதான் பயம்.

இந்த கன்சல்டிங் வேலை என்னவென்று அக்கா அப்பாவுக்கு ஒரு முறை விளக்கினாள். அடுத்தவர் கம்பெனிக்குள் போய், எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, என்ன செய்யலாம் என்று யோசனை சொல்வது. அப்பா ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டே, "யோசனை சொல்றதுக்குச் சம்பளமா? நம்மூர்ல டீக்கடைக்குப் போனா ஓசியிலயே சொல்வானுகளே" என்றார். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். அந்தச் சிரிப்போடுதான் அந்த வேலைக்கு விண்ணப்பித்தாள். ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினாள். கடைசிச் சுற்றுக்குக் கொச்சிக்குப் போக, ஒரு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டு, விடியுமுன் வாடகை ஜீப்பில் கட்டப்பனைக்குக் கிளம்பினாள். புளியன்மலை இறக்கத்தில் வழி தெரியாத பனிமூட்டம், ஒரே மஞ்சு. ஒரு வளைவில் ஜீப் திரும்பவில்லை. பெட்டியை மட்டும் ஒரு காப்பிச் செடி தாங்கிப் பிடித்திருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

அந்தப் பெட்டி, சக்கரம் வைத்த நீலநிற ட்ராலி, அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாமி. சொன்னால் கொச்சிக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கள் கம்பம் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் போய்விட்டால், அவளைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். ஓலைப்பெட்டியில் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்து, வருடா வருடம் புதுத்துணி எடுத்துப் படைப்பார்கள். வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதலில் அவளுக்குச் சொல்ல வேண்டும், அவள் சம்மதம் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓலைப்பெட்டிக்குப் பதில் இந்த ட்ராலி. பாவாடைக்குப் பதில் சுடிதார், அதுவும் அவளுக்குப் பிடித்த கத்தரிப்பூ நிறத்தில். படைத்த துணியை வீட்டிலிருக்கும் கல்யாணமாகாத பெண்தான் உடுத்த வேண்டும் என்பதும் வழக்கத்தில் சேர்ந்தது. வீட்டில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான். மூன்று வருடமாக என் அலமாரியில் கத்தரிப்பூ வண்டி வண்டியாகக் கிடந்தது. எனக்கு அந்த நிறமே ஆகாது. உயிரோடிருந்தபோது தன் துணியைத் தொடவிடாதவள், செத்த பிறகு என் உடம்பு முழுக்கத் தன் துணியாக்கிவிட்டாள் என்று நான் ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள்.

என் கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா என்றால் எனக்கு உயிர். ஆனால் அவள் படித்த பள்ளியில், அவள் வாங்கிய மார்க்கின் நிழலிலேயே வளர்ந்தவள் நான். "அக்கா மாதிரி இல்லையே" என்று சொல்லாத டீச்சர் கிடையாது. அவள் இருக்கும்வரை சண்டை போட்டாவது ஒரு கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். செத்தவளோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் நாளுக்கு நாள் நல்லவளாகிக்கொண்டே போனாள். அந்த வேலையை நான் என் புத்தியால் வாங்க வேண்டும், அவளுடைய தங்கச்சியாக இல்லாமல் நானாகப் போய் உட்கார்ந்து வாங்க வேண்டும், இதுதான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. அவள் குரலைப் போட்டுப் பழகிக்கொண்டே இதையும் நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

நேர்காணலுக்கென்று நான் ஒரு வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேண்ட்டும் ஆர்டர் போட்டிருந்தேன். பார்சல் வந்ததும் அம்மா கையை நீட்டினாள்.

"குடு. பெட்டி மேல வச்சு அவகிட்டச் சொல்லிட்டுத் தாரேன்."

"இது எனக்கு எடுத்தது. அவளுக்குப் படைச்சதப் போட்டுக்கிட்டு நான் போகமாட்டேன்."

"அப்ப கேக்காமலே போயிருவியா? அவ போன எடத்துக்கே போற, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"கேளும்மா! நல்லாக் கேளு! வேணாம்னு சொன்னாலும் நான் போவேன்."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அம்மா பிடித்துக்கொண்டாள். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள்.

இதற்கு முறை உண்டு. ஒரு இலைத்துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒருவரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா குளித்து, தனியாக உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து, ட்ராலி மேல் வைத்துக் கும்பிட்டாள். அப்பாவை எடுக்கச் சொன்னாள். அப்பா கையை வேட்டியில் துடைத்துவிட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு. செம்பருத்தி.

"பாத்தியா? அவ வேணாங்குறா" என்றாள் அம்மா. குரலில் அழுகை வந்தது. ஆனால் முகம் தெளிந்தது, அதை நான் பார்த்தேன். அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்து, "உனக்குக் கெடைக்கலன்னா எனக்கும் கெடைக்கக் கூடாதாடி?" என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெட்டியைக் காலால் எத்தியிருப்பேன். அம்மா குறுக்கே வந்து நின்று, எஞ்சிய பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.

"போய் ஓடைல விட்டுட்டு வா. மனசு ஆறும்."

வீட்டுக்குக் கீழே, ஏலச்செடி இடுக்கில் ஒரு ஓடை. ஆடியில் சிவந்து பொங்கி ஓடும். கரையில் நின்றுகொண்டு அழுதேன். அழுது முடித்து, பொட்டலத்தை விடக் கையை நீட்டியபோதுதான் எனக்கு அது தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஒருவேளை அம்மாவின் தெளிந்த முகம். பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கைதான். நூலை அவிழ்த்தேன்.

அதிலும் செம்பருத்திதான்.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை எவளும் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அம்மா அதை என் கையிலேயே கொடுத்தாள். அம்மா இடத்தில் வேறு ஒருத்தி இருந்தால் தடயம் இல்லாமல் அடுப்பில் போட்டு எரித்திருப்பாள். முறைப்படி ஓடையில்தான் விட வேண்டும் என்று, பொய்யிலும் முறை தவறாமல் நடந்திருக்கிறாள்.

பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மேடையில் பூவை வைத்தேன். அவள் பார்த்தாள். துருவுவதை நிறுத்தவில்லை. மூடியில் தேங்காய் தீர்ந்து சிரட்டை கரகரவென்று சத்தம் போட்ட பிறகுதான் கை நின்றது.

"ஆமாடி, ரெண்டுலயும் செவப்புதான் வச்சேன்" என்றாள். "நெசமாக் கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு."

"அவ வேணாம்னு சொல்லிருவாளோன்னா?"

"போடி போக்கத்தவளே! அவ போன்னு சொல்லிருவாளோன்னுதான். அவ அப்படித்தான் சொல்லுவா. சொல்லிட்டா நான் எப்படி உன்னத் தடுப்பேன்? அந்த ரோட்டுல இன்னொண்ணையும் நானே அனுப்பிட்டு, இங்கன உக்காந்து எதப் பாத்துக்கிட்டிருக்க?"

எனக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் அக்காவின் பேச்சாக வந்ததெல்லாம் யாருடைய பேச்சு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கத்தரிப்பூ நிறம் உட்பட. அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு, "என்னமும் பண்ணு. எங்கிட்டச் சொல்லாத, போகும்போது எங்கிட்ட வராத" என்றாள். சொன்னபடியே நான் கிளம்பிய அன்று அவள் ட்ராலி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பாதான் என்னைத் தன் ஜீப்பில் கட்டப்பனை வரை கொண்டுபோனார். நன்றாக விடிந்த பிறகு கிளம்பினோம். அப்பாவின் ஏற்பாடு அது. மழை விட்டிருந்தது, மஞ்சு மட்டும் ரோட்டைக் கடந்து கடந்து போனது. அந்த வளைவில் இப்போது புதிதாகச் சுவர் கட்டி, கறுப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்பா அங்கே வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்து, எதிரே ஒரு வண்டியும் இல்லாதபோது, நீளமாக ஹாரன் அடித்தார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இங்கிட்டு வரும்போதெல்லாம் அடிப்பேன்" என்று அவரே சொன்னார். "வந்துருக்கேன்னு அவளுக்குத் தெரியட்டும்."

மூன்று வருடத்தில் ஏலக்காயைத் தவிர அப்பா பேசி நான் கேட்டது அதுதான். கட்டப்பனையில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து, வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொடுத்தார். கொச்சிக்காரனுக்கு யோசனை சொல்லப் போகிறவள் மடியில் வாழைப்பழச் சீப்பு. நான் வழியெல்லாம் தின்றேன்.

கம்பெனி ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் உயரமான மாடியில் இருந்தது. ஏசி குளிர் எங்கள் மலைக் குளிரைவிட மோசம். என்னைப்போல இன்னும் சிலர் சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள், கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தில் லேப்டாப்போடு ஒரு இளைஞர். இரண்டு பேரும் மலையாளிகள், பேச்சு எல்லாம் இங்கிலீஷில்.

அந்த அம்மாள் என் விவரங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டன்மேடா? முன்பு அங்கிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்தாள். உங்கள் ஊர்தான்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இளைஞர் பக்கம் திரும்பி, ஏதோ நல்ல கதை சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். வீடியோ சுற்றில் பாதியில் கரண்ட் போய்விட்டதாம். வேறு யாராயிருந்தாலும் இன்னொரு நாள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பெண் இருட்டிலேயே, முகம் தெரியாமல், குரலை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நேரம் முழுவதும் பேசினாளாம். பேசியதோடு இல்லாமல், நீங்கள் கேட்ட கேள்வியே தப்பு என்று அவரிடம் சண்டை போட்டாளாம்.

அக்காவேதான். அந்த ரூமில் அவள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கடைசிச் சுற்றுக்கு அவள் வரவில்லை" என்றார் அந்த அம்மாள். சிரிப்பு குறைந்துவிட்டது. "மத்தியானம் வரை காத்திருந்தோம். ஒரு போன் இல்லை, ஒரு மெயில் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. வேறு எங்கோ நல்ல இடம் கிடைத்திருக்கும், அதுவும் சரிதான். உங்களுக்குத் தெரியுமா அவளை? இப்போது எங்கே வேலை பார்க்கிறாள்?"

அவள் போன அன்று நாங்கள் கம்பத்துச் சொந்தத்துக்கெல்லாம் சொல்லியனுப்பினோம். அவள் கல்லூரிக்குச் சொன்னோம், தோழிகளுக்குச் சொன்னோம், துணி தைத்த டெய்லருக்குக்கூடச் சொன்னோம். இவர்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. உலகத்தில் இந்த ஒரு இடத்தில் மட்டும் அக்கா சாகாமல் இருந்திருக்கிறாள். மூன்று வருடமாக எங்கோ ஒரு நல்ல கம்பெனியில், கை நிறையச் சம்பளத்தோடு, கத்தரிப்பூ நிறச் சுடிதாரில், இவரை மறந்துபோன திமிர்பிடித்த பெண்ணாக வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். அப்படியே விட்டுவிடலாமா என்று ஆசை வந்தது. நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் பிழைத்துக்கொள்வாள். எனக்கும் நல்லது, பரிதாபம் பார்த்து எனக்கு யாரும் மார்க் போட மாட்டார்கள், வருவது எதுவானாலும் எனக்கே எனக்கென்று வரும்.

ஆனால் "வரவில்லை" என்றாரே, அதை என்னால் தாங்க முடியவில்லை. கல்யாண வீட்டுக்குக்கூடப் பந்தல் போடுமுன் போய் நிற்கிறவள் அவள்.

"அவள் வராமல் இருக்கவில்லை" என்றேன். "வந்துகொண்டுதான் இருந்தாள்."

மீதியைச் சொன்னேன். அதிகம் இல்லை, இரண்டு மூன்று வாக்கியம். உங்களுக்கு உறவா என்று அந்த அம்மாள் தயங்கிக் கேட்டார். என் வீடு, என் அக்கா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இளைஞர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். இவர்கள் முகத்தைப் பார்த்தபோது, செய்தி இன்றைக்குத்தான் இவர்களுக்கு வந்திருக்கிறது, போய்த் துட்டி கேட்டு அழ இவர்களுக்கு ஒரு சாவு வீடு இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவர் ரொம்ப மெதுவாக, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இதுவே போதும், உங்கள் முந்தைய சுற்றுகளைப் பார்த்தே முடிவு செய்கிறோம் என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இங்கேயும் அவள்தானா? "வேண்டாம். இன்றைக்கே கேளுங்கள். அவளுக்கு என்ன கேட்பதாக இருந்தீர்களோ, அதையே கேளுங்கள். குறைத்துக் கேட்காதீர்கள்" என்றேன். நேர்காணலில் பேசுகிற பேச்சா அது? அந்த அம்மாள் என்னை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கேட்டார்.

ஒரு பிஸ்கட் கம்பெனி. விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள், விற்பனை குறைந்துகொண்டே போகிறது. ஏன்? எங்கிருந்து ஆரம்பிப்பாய்? நான் ஆரம்பித்தேன். கடை, விலை, போட்டிக்காரன், ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு போனேன். பாதியில் ஒரு இடத்தில் தடம் மாறிவிட்டது, எனக்கே தெரிந்தது. நிறுத்தினேன். ரூமில் ஒரு சத்தமும் இல்லை. அந்த இடைவெளியில் நான் என்னை அறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மழைச் சத்தம் வரவில்லை. மிஷின் இரைச்சல் இல்லை. "சரி, அடுத்தது" என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அவளில்லாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்த நேரம்தான், மூன்று வருடத்தில் முதல் தடவையாக. எவ்வளவு ஆசைப்பட்டேன் அதற்கு! வந்தபோது அவள் மூச்சாவது கேட்காதா என்று இருந்தது.

"மன்னிக்கவும், நான் சொன்னது தப்பு. திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி, திரும்ப ஆரம்பித்து, தட்டுத் தடுமாறி முடித்தேன். நன்றாகச் சொன்னேனா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் கதவு வரை வந்து வழியனுப்பினார். மற்றவர்களுக்கு அப்படி வந்தாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. வேலை எனக்குத்தான் என்றார்கள்.

மாடியில் நின்று கேட்டேன். கீழே இறங்கி வரும்போது ஒவ்வொரு படியாகக் கால் கனத்தது. எனக்குக் கொடுத்தார்களா, அவளுக்குக் கொடுக்காமல் போனதை என் கையில் கொடுத்தார்களா? அந்த அம்மாளைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார். நம்புவதற்கு எனக்குத் தைரியம் வேண்டுமே. வேலையில் சேர்ந்து இத்தனை நாளாகியும் நான் அவரைக் கேட்கவில்லை.

அம்மா ட்ராலி முன்னால் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நேர்காணலிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவள் என்னிடம் அங்கே நடந்ததைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றேன். கை நிற்காமல் தொடுத்துக்கொண்டிருந்தாள். சரி, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று சொன்னேன். கரண்ட் போனதும் இருட்டில் பேசியது, கேள்வியே தப்பு என்று சண்டை போட்டது எல்லாம் சொன்னேன். அம்மா சிரித்தாள். "வாயாடி" என்றாள், பெட்டியைப் பார்த்து. அப்புறம், அவள் வருவாள் என்று அவர்கள் உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். பூத் தொடுத்த கை நின்றது.

"நம்ம பிள்ளைக்காகவா உக்காந்திருந்தாக?"

"ஆமாம்மா."

"எம்புட்டு நேரம்?"

"மத்தியானம் வரைக்கும்."

"அவுகளுக்கு யாருமே சொல்லலையா?"

"நான் போய்த்தாம்மா சொன்னேன்."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நான் போகலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் யாரைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல், வாயை மூடிக்கொண்டேன். அம்மா எழுந்து ட்ராலியைத் தரையில் சாய்த்தாள். ஜிப்பை இழுத்து, உள்ளே இந்த வருடம் படைத்திருந்த கத்தரிப்பூத் துணிகளையும் வளையல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்தாள். பெட்டி காலியானதும், அதை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

"உன் துணிய எடுத்து அடுக்கு" என்றாள். "மொத நாளு வெள்ளனே போயிருத்தா. பாவம், அவுகள மறுபடியும் காக்க வச்சிராத."